எக்செல் அண்ணாச்சி கடலுக்குப் போகிறார்

தளேகாவ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய அறுநூறு மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஊர். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மலை, ஒரு எக்ஸ்பிரஸ்வே, ஞாயிறு சாயங்காலமானால் லோணாவளா பக்கம் அசையாமல் நிற்கும் கார் வரிசை. அதற்காகக் கடலைப் பற்றிப் பேச இந்த வட்டாரத்துக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. லோணாவளாவில் கடற்படையின் ஐஎன்எஸ் சிவாஜி 1945 முதல் இருக்கிறது. கப்பல் எஞ்சினை மலைமேல் வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் சுதும்பரேயில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஐந்தாம் பட்டாலியன் இருக்கிறது; கொல்ஹாப்பூரில் வெள்ளம் என்றால் ரப்பர் படகுகள் இங்கிருந்து லாரி ஏறிப் போகும். ஆகவே எங்கள் சொசைட்டியின் மூன்றாம் மாடியில் ஒருவர் உட்கார்ந்து மாலத்தீவு நீரோட்டத்தை ஆராய்வதில் விசேஷம் ஒன்றும் இல்லை. அவர்தான் எக்செல் அண்ணாச்சி.

புனேப் பக்கம் பிழைக்க வந்த தமிழர்களில், பத்துக் குடும்பம் சேர்ந்த இடத்தில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். வேலை சாக்கனில், கார் உதிரிபாகக் கம்பெனியின் தர நிர்ணயப் பிரிவில். கம்பெனியில் அவருக்கு ஒரு போல்ட்டை நிராகரிக்க அதிகாரம் உண்டு. வீட்டில் அது இல்லாத குறையை ஒப்பீட்டு அட்டவணை போட்டுத் தீர்த்துக்கொள்வார். குக்கர் வாங்கினால் அட்டவணை. பையனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தால் அட்டவணை. தீபாவளிக்கு ஊருக்குப் போக எந்த ரயில் என்பதற்கு அவர் அட்டவணை முடிப்பதற்குள் எல்லா ரயிலிலும் வெயிட்டிங் லிஸ்ட் முடிந்துவிட்டிருக்கும்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம் நிறைவதைக் கொண்டாட அண்ணாச்சியும் மதினியும் எங்காவது வெப்பமண்டலத் தீவுக்குப் போய்க் கடலுக்குள் ஸ்கூபா டைவ் செய்வதென்று முடிவாயிற்று. பையனைப் பாட்டியிடம் விட்டுவிடலாம். இதுவரை யாரும் தகராறு செய்யவில்லை. தகராறு இரண்டாவது வரியில் தொடங்கியது: படகிலேயே தங்கி முங்குவதா, கரையில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தினம் போய் முங்கிவிட்டு வருவதா?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலாவதை லைவ்போர்டு என்கிறார்கள். மாலத்தீவு அதற்குப் பேர்போன இடம். சின்னக் கப்பல் மாதிரி ஒரு படகு. அதில் அறை, சாப்பாடு, மொட்டை மாடி எல்லாம் உண்டு. டைவ் செய்வதற்கென்று கூடவே இன்னொரு தோணி வரும். காற்றுச் சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரசரின் இரைச்சலெல்லாம் அந்தத் தோணியோடு போய்விடும். ராத்திரி படகு ஒரு பவளத்திட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். விடிந்ததும் முதல் டைவ், பலகாரம், இரண்டாவது டைவ், சாப்பாடு, மூன்றாவது டைவ், சில நாள் இருட்டில் நாலாவது. நடுவில் கிடைக்கும் நேரத்தில் தூங்கலாம். வேறு எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது, கரைத் தங்கல். அந்தமானில் ஹேவ்லாக் தீவு, அதாவது 2018 முதல் ஸ்வராஜ் தீவு, இதற்கு வசதி. கடற்கரை ஓரமாக அறை, காலையில் படகு, இரண்டு டைவ், மதியத்துக்குள் கரை. பிறகு நாள் நம்முடையது. மாலத்தீவிலும் இது உண்டு. 2009 முதல் உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளிலேயே விருந்தினர் விடுதி நடத்த அரசு வழிவிட்டதால், ரிசார்ட் காசு இல்லாதவர்களும் மாஃபுஷி, திகுரா மாதிரி ஊர்களில் தங்கிக் கடலுக்குப் போகலாம்.

அண்ணாச்சி படகுக் கட்சி. மதினி கரைக் கட்சி. இரண்டுக்கும் நடுவில் அட்டவணை.

அட்டவணையின் முதல் ஆயுதம், டைவ் ஒன்றுக்கு ஆகும் செலவு. "மொத்தமாப் பார்த்தா படகு ஜாஸ்தி. ஆனா டைவ் கணக்குல வகுத்துப் பாரு, கரையை விடக் குறைச்சல்" என்றார் அண்ணாச்சி. அன்லிமிடெட் தாளிச் சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான்: எழுந்திருக்க முடியாதபடி தின்றால்தான் லாபம். மதினி நிதானமாகக் கேட்டார், "ஏங்க, நான் நாளைக்கு ஒண்ணுதான் முங்குவேன்னா என் கணக்கு என்ன ஆகும்?" அண்ணாச்சி அதற்கு ஒரு பத்தி திறந்தார். அதன் தலைப்பு: 'பயன்படுத்தப்படாத கொள்ளளவு, மனைவி'.

கடைசி நாள் விஷயத்தில் அவர் கணக்கில் ஓட்டை விழுந்தது. டைவ் செய்தவர் உடனே விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்துகொள்ளும். அவசரமாக அழுத்தம் குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். பல நாள் பல டைவ் செய்தவர்களுக்குப் பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பல இடங்களில் முழு நாளே கேட்கிறார்கள். அதனால் படகில் கடைசி நாள் வெறும் கையோடு உட்கார வேண்டும், காசு மட்டும் ஓடும். அண்ணாச்சிக்கு அன்று இரவு தூக்கம் இல்லை.

ஆனால் அந்த விதியே அவருக்கு வேறொரு சந்தோஷத்தைக் கொடுத்தது. யாரோ பக்கத்து வீட்டுக்காரர், "எதுக்குத் தீவுக்கெல்லாம்? நம்ம மாநிலத்துலயே தார்கர்லி இருக்கே, மகாராஷ்டிர சுற்றுலாக் கழகமே அங்க ஸ்கூபா பள்ளிக்கூடம் நடத்துதே, கார்ல போயிட்டு வந்திரலாமே" என்றார். அண்ணாச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "முந்நூறு மீட்டருக்கு மேல போனாலே டைவிங் கணக்குல அது உயரம். தார்கர்லியில முங்கிட்டு அன்னிக்கே ககன்பாவ்டா காட் ஏறினா என்ன ஆகும் தெரியுமா?" அந்த மனிதர் மாளவண் மீன் சாப்பாட்டுக்காகச் சொன்னவர். அன்று முதல் அவர் லிஃப்டில் அண்ணாச்சியைக் கண்டால் படியில் இறங்கிப் போகிறார்.

இதற்கிடையில் பயிற்சியும் நடந்தது. மும்பைக்குக் காரில் இறங்கும்போது கண்டாலாவில் எல்லோருக்கும் காது அடைக்கும். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊதி, "ஈக்வலைஸ்" என்று அறிவிப்பார். ஸ்கூபா கருவியின் சரித்திரமும் அவருக்கு அத்துபடி. "கூஸ்தோ கூஸ்தோங்கிறாங்க. கூட இருந்த எமில் கான்யான் யாரு? எஞ்சினியர். யுத்த காலத்துல பாரீஸ்ல பெட்ரோல் இல்லாம காரை கேஸ்ல ஓட்டுனாங்க. அதுக்கு அவன் செஞ்ச ரெகுலேட்டரைத்தான் 1943-ல கடலுக்குள்ள மூச்சு விட மாத்தினாங்க. ஆக, ஸ்கூபா யாரால வந்தது? ஆட்டோமொபைல்காரனால!" தகவல் சரி. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமைதான், கண்டுபிடித்தது சாக்கன் கம்பெனி என்பதுபோல் இருந்தது.

அட்டவணையின் சிகரம் எஃப்எம்இஏ. கார் கம்பெனிக்காரர்களுக்கு அது வேதம். எது எது கெட்டுப்போகலாம் என்று எழுதி, கெட்டால் எவ்வளவு மோசம், எவ்வளவு அடிக்கடி கெடும், முன்கூட்டிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று மூன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, மூன்றையும் பெருக்குவார்கள். எண் பெரிதானால் ஆபத்து. அண்ணாச்சி விடுமுறைக்கே எஃப்எம்இஏ போட்டார். படகில் குமட்டல்: 5, 6, 2; பெருக்கினால் அறுபது; தீர்வு, அவோமின் மாத்திரை. சுறா: 10, 1, 3, முப்பது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினோராவது வரியில், 'மனைவி கோபம்: 9, 10, 10, தொள்ளாயிரம்' என்று எழுதியிருந்தார். தீர்வுக் கட்டம் காலியாக இருந்தது. மதினி அதைப் படித்துவிட்டு, பேசாமல், நடுவிலிருந்த பத்தை மட்டும் பன்னிரண்டாகத் திருத்தினார்.

மதினிக்குத் தூத்துக்குடி. விஷயம் அவர் அம்மா காதுக்குப் போனது. வீடியோ காலில் வந்தார். "என்ன மாப்ள, கடல்ல முங்கறதுக்கு நீங்க காசு கொடுக்கப் போறீங்களாமே? எங்க ஊர்ல முங்குனா நமக்குல்லா காசு கொடுப்பாக!"

அந்த அம்மாள் சொன்னதில் தவறில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், கயிறு கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, ஒரு நிமிடம் முன்னே பின்னே அடியில் இருந்து சிப்பி அள்ளிக்கொண்டு வருவார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் சர்க்கார் நடத்திய குளிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் கூலி உண்டு. அதுதான் அன்றைய இன்சூரன்ஸ். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. மேலே கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் நிறுத்துவார்கள் என்றும் சொல்வார்கள்: அக்காள் தாலிக்காகவாவது கயிற்றை விடாமல் பிடிப்பானாம். "உங்களுக்குக் கயிறு யாரு பிடிக்கா மாப்ள?" என்று அத்தை கேட்டார்.

"இப்பக் கயிறெல்லாம் கிடையாது அத்தை. பட்டி சிஸ்டம். ஜோடியாத்தான் இறங்கணும். எனக்கு ஏதாவது ஆனா உங்க பொண்ணு அவ காற்றிலிருந்து எனக்குத் தருவா."

"அப்ப அவ கிட்ட நல்லபடியா நடந்துக்கிடுங்க" என்று சொல்லி அத்தை போனை வைத்தார். சுற்றுலா ஆலோசகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதற்குமேல் ஒன்றுமில்லை.

மதினி ஏன் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. கடல் பயமில்லை. டைவிங் சர்டிபிகேட் வாங்க இருநூறு மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும் என்றதும் கிளப் நீச்சல் குளத்தில் அவர் மல்லாந்து மிதந்துகொண்டே பையனின் வீட்டுப்பாடத்தை விசாரித்தார். அண்ணாச்சி அதே நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்த்தார். கரை என்றால் காலையில் எழுந்து, "இன்னிக்கு நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லலாம். தூங்கலாம், தேங்காய் வாங்கலாம், ஒரு நாள் முழுக்க யாருடைய அட்டவணையிலும் இல்லாமல் இருக்கலாம். படகில் அந்த வாசகத்துக்கு இடமில்லை. அங்கே வராதவரும் வந்துதான் இருக்கிறார். பக்கத்துக் கட்டிலில், உப்புக் காயாத நீச்சலுடையோடு புருஷன் வந்து, நீ பார்க்காமல் விட்டது என்னென்ன என்று பட்டியல் படிப்பதைக் கேட்டுக்கொண்டு. இரண்டு பேருக்கும் கடல் பைத்தியம் சம அளவில் இருந்தால் படகு சொர்க்கம். ஒருவருக்கு முழுப் பைத்தியம், மற்றவருக்கு அரை என்றால் கரைதான் தாம்பத்தியத்துக்கு நல்லது.

இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். யோசித்தார். 'மனைவியின் ஓய்வு' என்று ஒரு வரி சேர்த்து இரண்டு சதவீத எடை கொடுத்தார்.

பிறகு நடந்ததுதான் இந்த வகை மனிதரின் உள் எலும்பைக் காட்டியது. ஒரு சனிக்கிழமை, போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மதினி சாதாரணமாகச் சொன்னார்: "சரிங்க, படகுலயே போவோம்."

அண்ணாச்சிக்குப் போஹா தொண்டையில் நின்றது. "ஏன்?"

"சமையல் இல்ல. உங்க பிளான்ட்லேர்ந்து போன் வராது, நடுக்கடல்ல சிக்னல் கிடைக்காதுல்ல. முக்கியமா, நீங்க எதையும் எதோடயும் ஒப்பிட முடியாது. நாலு முங்கலும் நான் முங்குதேன்."

அன்று இரவே புது வெர்ஷன் வந்தது. அதில் அண்ணாச்சி கரைக் கட்சி. மாலத்தீவில் முப்பது மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டமாம். படகில் போனாலும் அதே முப்பதுதானாம், அப்புறம் என்ன பிரயோஜனம்? ஹனிஃபாரு குடாவில் திருக்கை மீன் கூட்டமாக வருமாம், ஆனால் அங்கே டைவ் தடை, மேலே மிதந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. அதற்குக் கரையிலிருந்தே போகலாமே? பல படகுகளில் அனுபவமும் லாக் புத்தகமும் கேட்கிறார்கள். நாம் புதியவர்கள் இல்லையா? ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் மூன்று மாதமாக அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எக்செல் அண்ணாச்சிகள் படகுக் கட்சியும் இல்லை, கரைக் கட்சியும் இல்லை. எதிர்க்கட்சி. இன்னொருவர் "வேண்டாம்" என்று பிடித்து நிறுத்தும் தைரியத்தில்தான் அவர்கள் கடலுக்குள் இவ்வளவு ஆழம் பேசுகிறார்கள். பிடித்தவர் கையை விட்டுவிட்டால் கம்பியைத் தேடுகிறார்கள். இவர்கள் வீட்டில் முடிவெடுக்க ஒரே வழி, அவர்கள் சொன்னதற்குச் சம்மதித்து, அவர்கள் மாற்றிப் பேசும் முன் பணத்தைக் கட்டிவிடுவது.

மதினி கட்டிவிட்டிருந்தார். போஹாவுக்கு முன்பே. புதியவர்களுக்கும் ஏற்ற படகாக விசாரித்து, அந்தமானில் நாலு நாள் சர்டிபிகேட் படிப்பு, பிறகு மாலத்தீவில் ஒரு வாரம்.

போய் வந்தார்கள். கறுத்து, இளைத்து, சேர்ந்து வந்தார்கள், அதுவே வெற்றி. அண்ணாச்சிக்கு முதல் நாள் அவோமின், இரண்டாம் நாள் அவோமின், மூன்றாம் நாளிலிருந்து திமிங்கலச் சுறா. மதினி காற்றைக் கொடுக்க வேண்டிய நிலை வரவில்லை; சிக்கனமாக மூச்சு விட்டதால் அவர் சிலிண்டரில் எப்போதும் மிச்சம் இருந்ததாம். அதை அண்ணாச்சி தன் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொசைட்டி மீட்டிங்கில் யாரோ படகா, கரையா என்று கேட்டார்கள். "நான் ஆரம்பத்துலேர்ந்து சொன்னது படகுதான்" என்றார். அதுவும் உண்மை. கரை சரியாக வந்திருந்தாலும் அவர் சொன்னதுதான். இரண்டு பக்கமும் வாதாடியவரை யாரால் தோற்கடிக்க முடியும்?

சென்ற வாரம் அட்டவணையில் புதிதாக ஒரு தாள் திறந்திருக்கிறது: வாஷிங் மிஷின், மேல் திறப்பா, முன் திறப்பா. அபிப்பிராயம் கேட்டு மதினியைக் கூப்பிட்டார். மதினி அடுக்களையிலிருந்தே பதில் சொன்னார்: "இந்த முங்கலுக்கு நான் வரலைங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."