மின்தடைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் மேலதிகாரிக்கு ஒரு நரை அணிலின் மனு

அனுப்புநர்: நரை அணில், மலையடிவாரத் தோப்பு, சேத்தூர், ராஜபாளையம் வட்டம்.

பெறுநர்: மேலதிகாரி அவர்கள், மின்தடைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் பிரிவு, சென்னை.

பொருள்: சூறைக்காற்றில் கரண்ட் போனது – அணில், காற்றாலை, சோலார் ஆகியோர் பெயரைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2021 ஜூனில் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி அளித்த விளக்கம்.

ஐயா,

வணக்கம். பராமரிப்பு நடக்காததால் செடி வளர்ந்து கம்பியைத் தொடுகிறது, அதில் அணில் ஓடுகிறது, கம்பியும் கம்பியும் உரசுகின்றன, கரண்ட் போகிறது என்பது பார்வையில் கண்ட விளக்கத்தின் சாரம். இத்தனை பேர் கூடிச் செய்த காரியத்தில் ஊர் பிடித்துக்கொண்டது அணிலை மட்டும்தான். பராமரிப்பை வைத்து ஒருவரும் மீம் போடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், 1988 முதல் எங்கள் பெயரில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தை மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பட்டா புலி பெயருக்குப் போனது. நாலே மாதத்தில் கேஸ் அணில் பெயருக்கு வந்தது.

எங்கள் இனமே யோக்கியம் என்று சாதிக்க வரவில்லை. அமெரிக்காவில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் 1987இல் மின்தடை உண்டாக்கி நாஸ்டாக் பங்குச்சந்தையையே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார். 1994இல் இன்னொருவரும் அதே வேலையைச் செய்தார். அவர்களுக்கு அங்கே என்ன குறையோ தெரியாது. சப்பட்டை மாம்பழம் பழுக்கிற ஊரில் இருந்துகொண்டு அலுமினியக் கம்பியைக் கொறிக்க எனக்கு என்ன தலையெழுத்து?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலையிலிருந்து சூறை இறங்கி, தென்னைமட்டை கம்பியில் விழுந்து, முக்குப் போஸ்ட்டு சாய்ந்து ஊர் இருண்டுபோனால், மறுநாள் விடியும்போதே டீக்கடையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடுகிறது. "காத்தாடிய நம்புனா இப்பிடித்தான், நிலக்கரின்னா நின்னு எரியும்லா" என்கிறார் ஒரு அண்ணாச்சி. "போங்க அண்ணாச்சி, இனிமே எல்லாம் சோலார்தான்" என்கிறான் ஒரு தம்பி. புளியமரத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். சாய்ந்து கிடந்த போஸ்ட்டைத் தாண்டித்தான் இருவரும் டீ குடிக்க வந்திருந்தார்கள். நிலக்கரிக் கரண்டு என்றால் விழுந்த கம்பியிலும் நடந்து வந்துவிடுமா என்று கீழே இறங்கிக் கேட்கலாம் என்றுதான் பார்த்தேன். கடைக்கு ஒரு நாய் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை ஏறியபோது ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கூடங்குளத்திலும் தூத்துக்குடியிலும் எத்தனை மெகாவாட் ஓடியிருந்தாலும் வேதாரண்யத்தில் ஒரு பல்புகூட எரிந்திருக்காது. மாநிலம் முழுவதிலிருந்தும் வந்த லைன்மேன்கள் சேற்றில் குழி தோண்டி ஒவ்வொரு கம்பமாக நட்ட பிறகுதான் எரிந்தது.

உள்ளூர்ப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் மொத்தமும் புயலில் இருண்டது. உயரழுத்தக் கோபுரங்கள் இருபதுக்கு மேல் சாய்ந்து கிடக்க, அரசியல்வாதிகள் அன்றைக்கே காற்றாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். விசாரணையில் தெரிந்தது இது: கோபுரங்கள் விழுந்து மின்னழுத்தம் திரும்பத் திரும்பச் சரிந்தபோது, காற்றாலைகளில் ஒரு பகுதி தம் பாதுகாப்பு அமைப்பின்படி உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. ஆக, காற்றாலைக்கும் பங்கு உண்டு; அதை மறைக்க நான் அதன் வக்கீல் அல்ல. ஆனால் அவர்கள் அந்த அமைப்பைத் திருத்தினார்கள், அடுத்த ஆண்டே 100 மெகாவாட் பேட்டரி ஒன்றை நிறுவினார்கள். நாம் அணிலைப் பிடித்தோம்.

இங்கேயும் காற்றாலை பேரில் குறை இல்லாமல் இல்லை. மாநிலத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் நட்டு வைத்திருக்கிறோம். ஆடியில் காற்று பேயாய் அடிக்கும்போது "வாங்க முடியாது, நிறுத்து" என்று சொல்ல வேண்டிய நிலை. ஐப்பசியில் இறக்கை அசையாது. சூரியன் சாயுங்காலம் வீட்டுக்குப் போய்விடும். ஜனம் அப்போதுதான் வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போடும். மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்க, 1987இல் வந்த கடம்பாறை மின்நிலையம் இருக்கிறது: 400 மெகாவாட். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட். இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்த யாராவது தங்கள் அலுவலகத்தில் இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

இன்னொரு காட்சி. சூறை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மானியம் வாங்கிப் போட்ட தகடுகள் மாடியில் பளபளக்கின்றன. கீழே இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. ஃபேன் அப்படியே நிற்கிறது. வீட்டுக்காரர் விசிறிமட்டையோடு தகட்டை அண்ணாந்து பார்க்கிறார். லைன் செத்தால் தகடும் படுத்துவிடும், படுக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் மாடியில் பிறக்கும் கரண்டு கம்பியில் ஏறி, போஸ்ட்டில் இருக்கும் லைன்மேனைத் தூக்கி எறிந்துவிடும். கூடவே ஒரு பேட்டரியும் அதற்கான இணைப்பும் இருந்தால், லைனைத் துண்டித்துக்கொண்டு அந்த வீடாவது தனியாக ஓடும். தகடு விற்க வருபவர் இதைச் சொல்வதில்லை. கேட்காததைச் சொல்வானேன் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

கோரிக்கை பெரிதில்லை. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கம்பியைத் தரைக்கடியில் புதைக்க உலக வங்கிக் கடன் கிடைத்தது. கடல் இல்லாத குற்றத்துக்காக மலையடிவாரத்தை ஒதுக்க வேண்டாம். புதைக்கக் காசில்லை என்றால் தோப்பு ஓரங்களிலாவது உறை போட்ட கேபிள் இழுக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்டை நிறுத்தும் நாளில், கம்பிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மட்டையை வெட்டலாம். அந்த மட்டை எனக்குப் பாதைதான், விட்டுத்தருகிறேன். மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போஸ்ட்டில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நல்ல கையுறையும் நிரந்தர வேலையும் கொடுக்கலாம். ஏறுகிற சிரமம் எனக்குத் தெரியும்; எனக்காவது நகம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நரை அணில்

நகல்: பெருச்சாளி அவர்களுக்கு. கம்பி தரைக்கடியில் போகும் பட்சத்தில் அடுத்த விளக்கத்தில் தங்கள் பெயர் வரக்கூடும் என்பதால், முன்னேற்பாட்டுக்காக.