பிரெஞ்சு வால்வு

நாற்பத்தாறு வயதில் வரக்கூடிய வியாதிகளில் சர்க்கரையும் பிரஷரும் எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்கு வந்தது மூன்றாவது. ரோடு பைக்.

ஒரு வீடியோதான் காரணம். பாரிஸில் கிளம்பி பிரெஸ்ட் வரை போய்த் திரும்புகிற 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம். 1891-ல் ஆரம்பித்தது, இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது, 90 மணி நேரம் கெடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரி மண்ணில் பிறந்துவிட்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று ரோஷம் வந்தது. எங்கள் ஊர் வில்லியனூரிலிருந்து பாகூர் போய் வர 30 கிலோமீட்டர் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவன் கணக்கில் 1,200 கிலோமீட்டருக்கு நாற்பது வாரம். மழைக்காலம் தனி.

வண்டி வந்து இறங்கியது. கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்லும் கிடையாது. அப்பா இரண்டு சுற்று சுற்றி வந்து பார்த்தார். “மிச்சத்த எப்பப்பா அனுப்புவாங்க?” என்றார்.

விலை என்ன என்று கேட்காதீர்கள். வீட்டில் சொன்ன விலை ஒன்று, கடையில் கொடுத்தது ஒன்று. இரண்டையுமே இங்கே எழுத முடியாது. என் மனைவியும் இதைப் படிப்பாள்.

முதல் பத்து நாள் டயரில் காற்றே ஏறவில்லை. பம்ப் டுபாக்கூர் என்று விற்றவருக்கு போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக, “வால்வு தலையில குட்டியா ஒரு நட்டு இருக்கும் சார், அதத் தளர்த்தினீங்களா?” என்றார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. மேடு என்று ஒன்று வேண்டுமென்றால் சங்கராபரணிப் பாலம்தான். அதற்குப் பதினாறு கியர். பாலம் ஏறும்போது லேசான கியருக்கு மாற்ற வேண்டும் என்று தெரியும். எந்தப் பக்கம் தட்டினால் லேசாகும் என்பதுதான் தெரியாது. நடுப்பாலத்தில் செயின் கழன்று விழுந்தது. ஆற்றில் கால்வாசி தண்ணீர், முக்கால்வாசி மணல். அன்றைக்கு இரண்டுமே நகரவில்லை. நானும்தான்.

உடுப்பைப் பற்றியும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உடம்போடு ஒட்டும் கால்சட்டை, முதுகில் மூன்று பாக்கெட் வைத்த ஜெர்ஸி. காற்றைக் கிழித்துக்கொண்டு போக உதவுமாம். கரிக்கலாம்பாக்கம் டீக்கடையில் நின்றபோது ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டான்: “சார், கபடி எந்த ஊர்ல?”

இந்தப் பக்கத்து எல்லைக்கோடு கோழி கிளறின மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடியும் புதுச்சேரி. ஆகவே அலுவலகத்தில், “சண்டே இன்டர்ஸ்டேட் ரைடு போனேன்” என்று சொல்லலாம். பொய் இல்லை. பாகூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களும் அதைத் தினமும் செய்கிறார்கள்.

அறுவடைக் காலத்தில் பாகூர்ப் பக்கம் பாதி ரோடு களம்தான். தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அகலமான டயர் என்றால் சமாளிக்கும். என் டயர் கட்டைவிரல் அகலம். முன் சக்கரம் நெல்லில் புதைந்தது, நான் மெத்தையில் படுப்பதுபோல் சாய்ந்தேன். காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார். “ஐயோ, எழுந்திரு சாமி,” என்றார். மனசு குளிர்ந்தது. “நெல்லு நசுங்குது பாரு.” அன்றிரவு ஜெர்ஸி பாக்கெட்டை உதறிய என் மனைவி, “நாலு தடவ விழுந்தா ஒரு வேளைக்கு ஆவும்,” என்றாள்.

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஒரு மிதி மிதிக்காமல், பள்ளம் பார்த்தே வந்து சேர்ந்துவிடுகிறது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கரையில் வண்டியைச் சாய்த்து ஒரு போட்டோ எடுக்க ஆசை. சாய்த்த இடத்தில் கருவேல முள்.

கைப்பம்ப் வீட்டில் இருந்தது. நூற்றைம்பது கிராம் வெட்டிச் சுமை என்று அதை அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு இட்லி சாப்பிட்டுக் கிளம்பியிருந்தேன்.

தள்ளிக்கொண்டே போனதில் டிராக்டருக்கும் பைக்குக்கும் பஞ்சர் ஒட்டுகிற கடை ஒன்று கிடைத்தது. கடைக்காரப் பெரியவர் ஓட்டையை ஐந்தே நிமிஷத்தில் அடைத்துவிட்டார். கம்ப்ரெசர் குழாயைக் கொண்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது, ஊசி மாதிரி கீது? வாய் சேரலியே.”

“இது வேற வால்வுண்ணே. பிரெஞ்சு வால்வுன்னு சொல்லுவாங்க.”

பெரியவர் குழாயை மாட்டி வைத்தார். “பிரெஞ்சுக்காரன் போவும்போது இதுக்குக் காத்தடிக்கிறதையும் எடுத்துனு போய்ட்டான் போல,” என்றார். பஞ்சர் ஒட்டினதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். காற்றுக்கு வாங்கவில்லை. நேர்மையான மனுஷன்.

வில்லியனூருக்கு ஒரு குட்டியானையில் திரும்பினேன். பின்னால் உர மூட்டைகள், அதன்மேல் சைக்கிள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டோடு நான். இறக்கிவிடும்போது டிரைவர் தட்டிக்கொடுத்தார். “பழகப் பழக வந்துடும் சார். முதல்ல அப்படித்தான் இருக்கும்.”

பிரெஞ்சு வால்வுக்கு வைத்தியம் சுண்டைக்காய் அளவு பித்தளை அடாப்டர். அந்த வால்வின் தலையில் திருகிவிட்டால், எந்தப் பஞ்சர் கடைக் குழாயும் பொருந்தும். புதுச்சேரி 1954-ல் கைமாறியது. சட்டப்படி முழுசாக நம்முடையதாக 1962 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷத்தோடு ஒப்பிட்டால், என் பிரெஞ்சுப் பிரச்சினை எட்டே நாளில் கூரியரில் தீர்ந்தது.

இனி எந்த ஜென்மத்திலும் மறக்கக் கூடாது என்று, அந்த அடாப்டரை ஒரு வளையத்தில் கோத்து ஸ்கூட்டர் சாவியோடு மாட்டிவைத்தேன். அதிலிருந்து மளிகைக் கடை, ரேஷன் கடை, கல்யாணம், கருமாதி எங்கே போனாலும் அது என்னோடு வருகிறது.

ஸ்கூட்டரில் போகும்போது.