எமலிங்கம் எதிரே ஏர் லாக்

என்னிடம் இருப்பது ஒரு டீசல் அம்பாசடர். உத்தர்பாரா தொழிற்சாலை 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் இந்தக் காரை வைத்திருப்பவர் ஒன்று மெக்கானிக்காக இருக்க வேண்டும், இல்லையேல் ஒரு மெக்கானிக்கின் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவராக இருக்க வேண்டும். நான் இரண்டாம் ரகம். அதை ஒப்புக்கொள்ள மனசு வராமல் செய்த காரியங்கள்தான் கீழே வருபவை.

வண்டி கொஞ்ச தூரம் ஓடும், இருமும், நின்றுவிடும். எங்கே நிற்பது என்பதில் அதற்குத் தனி ரசனை. திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் நடமாடும் நேரம் பார்த்துச் செங்கம் சாலையில், எமலிங்கத்துக்கு எதிரே நின்றது. எட்டு லிங்கங்கள் இருக்கிற பாதையில் குபேரலிங்கம் அதன் கண்ணில் படவில்லை. பதினான்கு கிலோமீட்டரை வெறுங்காலில் நடக்கிறவர்கள் நடையை நிறுத்தாமலே ஆலோசனை சொல்லிப் போனார்கள். "டீசல் இருக்கா சார்?" என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. இருந்தது. அதுதான் பிரச்சினை.

அம்பாசடரில் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். இடையில் வண்டியின் அடிவயிற்றோடு ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் ஃபீட் பம்ப், அந்தக் குழாய் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற குழாயில் விரிசல் விட்டால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். காற்று சேர்ந்தால் எஞ்சின் மூச்சடங்கிப்போகும். ஏர் லாக் என்பது இதுதான். இந்தச் சின்ன பௌதிகம் தெரியாமல் நான் குழாயைத் தடவித் தடவி ஈரம் தேடினேன். விரல் காய்ந்தே இருந்தது. 'லைன் சுத்தம்' என்று தீர்ப்பு எழுதி, ஒரு பாவமும் அறியாத ஃபில்டரைக் கழற்றி மாற்றினேன்.

டாக்ஸி ஓட்டுகிற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராகப் பம்புக்கு ஒரு டியூப் கொடுத்து, ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் நிற்கவே இல்லை. "பம்பு நல்லாருக்கு சார். பைப்புதான் ஏர் இழுக்குது." பம்புக்குப் பக்கத்தில் குழாய் வளைகிற இடத்தில், கிளிப்புக்கு அடியில், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. பையிலிருந்து ஒரு துண்டு 501 சோப்பை எடுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்து, துணியைச் சுற்றிக் கட்டினார். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. வேதியியல் படித்தவன் நான். சோப்பு அவர் பையில் இருந்தது.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும். நாளைக்கு நம்ம பையன்கிட்ட விட்டு பைப்பை மாத்திடுங்க" என்றார். வாக்கியத்தின் கடைசிப் பகுதி மட்டும் என் காதில் விழுந்தது.

செப்புக் குழாய் வாங்கினேன். கையாலேயே வளையும் என்றார் கடைக்காரர். யார் கையால் என்று நான் கேட்கவில்லை. என் கையில் அது வளையவில்லை, மடங்கியது. மடங்கிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, குழாயின் வாயை விரித்து ஃபிளேர் அடிக்க உட்கார்ந்தேன். ஃபிளேர் அழகாக வந்தது. பூவிதழ் மாதிரி, ஒரு பிசிறு இல்லை. வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். அப்புறம்தான் தரையில் இருந்த நட்டு கண்ணில் பட்டது. அதைக் குழாயில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். விரித்த வாய்க்கு மேல் நட்டு ஏறாது. மறுபடி வெட்டினேன். மறுமுனையில் கவனமாக நட்டைக் கோத்தேன், தலைகீழாக. அதையும் வெட்டிய பிறகு குழாய் ஒரு சாண் குறைந்துபோனது. குறைந்த சாணுக்குத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை அறுத்துச் செருகினேன். சாதாரண ரப்பர் டீசல் பட்டால் ஊறி உப்பிவிடும். உப்பியது. நழுவியது. தரையெல்லாம் டீசல். அந்தச் சட்டையை இன்னும் துணி பீரோவுக்குள் விட மறுக்கிறார்கள்.

கடைசியில் அந்தப் 'பையன்' வந்தார். "பழைய பைப் எங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வி. பழையதைத் தரையில் கிடத்தி, அதன் வளைவுகளுக்குப் புதியதை ஒப்பிட்டு வளைப்பதுதான் வேலை. அந்த வரைபடத்தை நான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருந்தேன். அவர் மல்லாந்து படுத்து, ஒரு கம்பியால் அளவெடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார். நான் வாங்கிய ஃபிளேரிங் செட்டின் விலையைவிட அவர் கேட்ட கூலி குறைவு.

உங்கள் வண்டி பெட்ரோல் என்றால் இந்த விளையாட்டே வேண்டாம். பெட்ரோலின் ஆவி சாதாரண வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். நம் ஊர் ஏற்கெனவே அக்னித் தலம். டீசல்தான், செய்தே தீருவேன் என்கிறவர்கள் வண்டிக்கடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், பழைய குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். நட்டை முதலில் கோத்துவிட்டு ஃபிளேர் அடியுங்கள்.