சத்துவாச்சாரியில் கார்ல்: ஒரு பெயராய்வு

வேலூர் கலெக்டர் அலுவலகம் சத்துவாச்சாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு எழுதிக்கொடுப்பவர் பக்கத்தில் சற்று நின்றால் போதும், பெயராய்வுக்கு வேறு நூலகம் வேண்டாம். 'கார்ல் மார்க்ஸ், த/பெ முருகேசன்' என்று ஒரு மனு தொடங்குவதாகக் கொள்வோம். அதன் முதற்சொல்லே இவ்வாய்வின் பொருள்.

பழைய ஜெர்மானிய மொழியில் கார்ல் என்றால் ஆண்மகன். பிரபுவும் அல்லாத, அடிமையும் அல்லாத சாதாரண ஆள். கி.பி. 800இல் அப்பெயருடைய ஒருவர் ரோமில் பேரரசராக முடிசூடிக்கொண்டார். விளைவு: போலிஷ், ரஷ்ய, ஹங்கேரிய மொழிகளில் அரசன் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து பிறந்தது. 1818இல் ட்ரியர் நகரில் பிறந்த இன்னொரு கார்ல், முடியரசுகளைக் கவிழ்க்க வழி எழுதிப் பெயரை மறுபடி சாதாரண ஆளிடமே ஒப்படைத்தார்.

தமிழ்நாட்டுக்கு நேரில் வந்த கார்லும் உண்டு. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் தமிழ் கற்று, 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். மார்க்ஸ் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அவருடைய கம்யூனிஸ்ட் அறிக்கைதான் 1931இல் பெரியாரின் 'குடி அரசு' வழியே தமிழில் வந்தது. ஆயினும் பிள்ளைக்குக் கிரவுல் என்று பெயரிட்ட குறளன்பர் எவரையும் நான் கண்டதில்லை. (பெரியார் 1973இல் மறைந்தது வேலூர் சி.எம்.சி.யில். ஆய்வுக்கு இது தேவையில்லை. வேலூர்க்காரன் சொல்லாமல் விடமுடியாது.)

இனி ஒலியியல். சொல்லின் கடைசியில் ரகர ஒற்றும் லகர ஒற்றும் ஒட்டி நிற்க நன்னூல் இடம் தராது. ஆகவே நடுவில் ஓர் அகரம் புகுந்து 'காரல்' ஆயிற்று. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அந்தப் பொறுமையும் இல்லை: "டேய் மார்க்ஸு!" ஆம்பூர் ஷூ ஜெர்மனித் தெருக்களில் நடக்கிறது; அங்கிருந்து வந்த கார்லோ இங்கே வாசற்படி தாண்டவில்லை.

ஜெர்மனியில் குடும்பப் பெயராயிருந்த மார்க்ஸ் இங்கே ஆளின் பெயராகிவிட்டது. தம்பி பெயர் எங்கெல்ஸ்; அசல் எங்கெல்ஸும் இரண்டு வயது இளையவர்தான், ஆகவே முறை பிசகவில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் கார்லுக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது, இனிஷியலில் 'கா.' என்று. அதைக் காளியப்பன் என்று விரித்தாலும் யாரும் மறுக்கப்போவதில்லை.

பாஸ்போர்ட் விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்கிறது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் ஏறுகிறது. நம்மவர் ஷூ கம்பெனி வேலையாக ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கினால், எதிர்கொள்ளும் ஜெர்மானியர் கைகுலுக்கிக் கேட்பார்: "வாருங்கள் ஹெர் முருகேசன், பயணம் சௌகரியமா?"