சட்டாம்பிள்ளைக்கு ஒரு சேதி

இன்னா கண்ணு, கழுத்துல அட்டையத் தொங்கவுட்டுக்கினு வர்றே? பொன்னேரி காலேஜுல சின்ன வகுப்புப் பசங்களுக்குக் கணக்கு சொல்லித்தர உன்னியப் போட்டுட்டாங்களாமே. அதுக்கு ஏசி ரூமுல பயிற்சி வேறயாம். எங்க ஆரம்பிக்கணும், எங்க நிக்கணும்னு படம் போட்டு காட்டுனாங்களாம். காட்டூர்ல பொறந்தவனுக்கு எல்லைய படம் போட்டுத்தான் காட்டணுமா?

பழவேற்காட்டு ஏரியில பாடு பாத்துக்கினுதானே வளந்தே? எந்தப் பாடு, அதான் வலை கட்டுற எடம், இன்னிக்கு யாருக்குன்னு ஊரு கூடிப் பேசி வெச்சிருக்கும். உன் முறை வந்தா வலை கட்டு. முடிஞ்சா சுருட்டிக்கினு கரையேறு. அடுத்தவன் பாட்டுல இறா துள்ளுதேன்னு கை வெச்சா பஞ்சாயத்துல நிக்கணும். உன் பாடு கணக்குடா. உங்கிட்ட படிக்கிறவன் லவ்வு, அவன் அப்பன் குடி, அவன் அத்தை வூட்டு நெலத் தகராறு எல்லாம் வேற ஆளு பாடு. பையன் அழுதுக்கினு வந்தா? உக்கார வெச்சு தண்ணி குடு, காது குடு. பெரிய சங்கதியா இருந்தா வாத்தியாரம்மாகிட்ட இட்டுக்கினு போ. நீயே டாக்டரு, நீயே வக்கீலுன்னு கெளம்பிடாதே.

பசங்களே பசங்களுக்குச் சொல்லித்தர்ற இத்த ஏதோ சீமைலேந்து வந்த புதுசுன்னு நெனச்சிக்கினியா? நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து சட்டாம்பிள்ளை வேற யாரு? பெரிய பையன் சின்னதுக்குச் சொல்லித்தருவான், அவ்ளோதான். எழும்பூர் அநாதைப் பசங்க பள்ளிக்கூடத்துக்கு 1789ல பெல்லுன்னு ஒரு பாதிரி வந்தாரு. திண்ணையில பசங்க மணல்ல வெரலால எழுதறதப் பாத்தாரு. அப்படியே சொல்லித்தரச் சொன்னா, அவரு பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க அதுக்கு மசியல. சின்னப் பையன் ஒருத்தனப் புடிச்சு, மத்ததுங்களுக்குச் சொல்லித்தர வெச்சாரு. 1797ல லண்டன்ல பொஸ்தகம் போட்டாரு. அப்புறம் ‘மெட்ராஸ் முறை’ன்னு அங்க ஒரே பேச்சு. நம்ம சரக்கு, அவங்க முத்திரை!

ஆனா சட்டாம்பிள்ளை கைக்குப் பெரம்பு வந்ததும் இன்னா ஆச்சு? முறுக்கு கொண்டாந்தவனுக்கு அடி கம்மி. கொண்டாராதவன் முதுவு வீங்கும். உனக்குப் பெரம்பு இல்ல, சரி. வாட்ஸாப்பு இருக்குதே! ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன், ‘ண்ணா, அசைன்மெண்ட்ட நீயே எழுதிக் குடுண்ணா’ன்னு கொஞ்சுவான். மனசு எளகி எழுதிக் குடுத்தீன்னா பாசானது யாரு, அவனா நீயா? போன அமுத்திட்டுத் தூங்கு. கணக்கு எங்கயும் ஓடிப்போவாது.

2021ல இல்லம் தேடிக் கல்வின்னு திட்டம் வந்துச்சே, அதுல பசங்களுக்குச் சொல்லிக்குடுத்த பொண்ணுங்களப் பாத்தியா? மாசம் ஆயிரம் ரூவா, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். நேரத்துக்குப் பாய விரிச்சுதுங்க, நேரத்துக்கு சுருட்டுச்சுங்க. பசங்க அக்கா அக்கான்னு சுத்துனா சிரிச்சிக்கினே, ‘நாளைக்கு வாடா’ன்னு அனுப்புச்சுங்க. அதுல இன்னா கொறைஞ்சு போச்சு?

இன்னொண்ணு கேட்டுக்கோ. பரீட்சை கிட்ட வரும்போது ஒருத்தன் ஆத்தா கூடை நெறைய இறா கொண்டாந்து வெப்பா. பாசம்தான், தப்பு சொல்லல. ஆனா வாங்கிட்டா அந்தப் பையன் விடையில தப்பு உன் கண்ணுக்குத் தெரியுமா? கும்புடு போட்டு திருப்பி அனுப்பு. அந்தம்மா மனசு நோவுமேன்னு பாக்கறியா? என் வூட்டக் காட்டு. நான் யாருக்கும் கணக்கு சொல்லித்தரல.