வாய் திறந்து கேட்காதவன்

பல் டாக்டரை மாற்றுவது முடிவெட்டும் கடையை மாற்றுவது மாதிரி. புதுக் கடையில் வெட்டிக்கொண்டு பழைய கடை வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஈரோட்டில் என் பழைய டாக்டருக்கும் புது டாக்டருக்கும் நடுவே ஒரு பேக்கரியும் ஒரு ஜவுளிக்கடையும்தான். நான் ஒழுங்காக ஹெல்மெட் போடத் தொடங்கியது சட்டத்துக்குப் பயந்து அல்ல.

மாற்றியதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. “ராத்திரி பல் தேய்க்கிற பழக்கமே இல்லைங்களா?” என்று பழையவர் என் மனைவி முன்னால் கேட்டுவிட்டார். அவ்வளவுதான்.

புது டாக்டரம்மா கீழ்க் கடைவாய்ப் பல்லை எக்ஸ்ரே எடுத்தார். ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல். வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல். “அப்ப எடுத்த எக்ஸ்ரே இருக்குங்களா சார்?” என்றார்.

“அதுக்கென்ன, இன்னொண்ணு புதுசா எடுத்துடுங்க” என்றேன், தாராள மனதுடன்.

அந்தக் காலத்து நிழலை இந்தக் காலத்தில் எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். கிருமி அரித்த எலும்பு ரூட் கேனாலுக்குப் பிறகு மெல்லத்தான் வளரும்; மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். ஒற்றைப் படத்தில் நிழல் இருப்பது தெரியும்; சுருங்குகிறதா விரிகிறதா என்பது தெரியாது. சுருங்கினால் விட்டுவிடலாம். விரிந்தால் கேப்பைக் கழற்றி, உள்ளே அடைத்ததைத் தோண்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“வீட்ல பத்திரமா இருக்கு” என்றேன்.

இல்லை. தாடை முழுவதும் தெரியும் பெரிய ஓ.பி.ஜி. படத்தை 2019 டிசம்பர் 26 அன்று, வளைய சூரிய கிரகணத்தின்போது, மொட்டை மாடியில் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். என் பற்களின் ஊடாக சூரியனைப் பாருங்கள் என்று. எக்ஸ்ரே படம் கூச்சத்தைத்தான் குறைக்கும், கண்ணைக் கெடுக்கும் கதிர்களைத் தடுக்காது என்று எதிர்வீட்டுப் பள்ளி மாணவி அதைப் பிடுங்கி வைத்தாள். பிறகு படம் என்ன ஆனது என்று தெரியவில்லை. கண்கள் தப்பின.

அலமாரியைக் குடைந்ததில் பழுப்பேறிய சின்னப் படம் ஒன்று கிடைத்தது. வெற்றியோடு நீட்டினேன். டாக்டரம்மா அதன் மூலையை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே மேடாக ஒரு புள்ளி இருக்கும். முன்பக்கம் எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். திருப்பிப் பிடித்தார். வலப்பக்கத்துப் பல். அது என் வாயை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது.

இனிப் பழைய டாக்டரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1896இல் ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் தன் பல்லையே எக்ஸ்ரே எடுக்க, கண்ணாடித் தகட்டை வாயில் வைத்துக்கொண்டு 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம். பழைய கிளினிக் படிக்கட்டில் நான் அதைவிட நேரம் அசையாமல் நின்றேன்.

“எதுக்குங்க சார்?” என்றாள் கவுன்ட்டர் பெண்.

“இன்சூரன்ஸுக்கும்மா.”

“பல்லுக்கெல்லாம் எந்தக் கம்பெனிங்க சார் குடுக்குது? சொன்னா நாங்களும் சேர்ந்துக்குவோம்.”

மானிட்டரை என் பக்கம் திருப்பினாள். அவசரமாக செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டாக்டரம்மா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வேர் நுனி இருக்கவேண்டிய இடத்தில் டியூப்லைட். அதற்குக் கீழே என் வழுக்கை.

இந்தியப் பல் மருத்துவர்களுக்கு 2014இல் வந்த நெறிமுறை விதிகளின்படி, சிகிச்சை ஆவணங்களைக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதைப் பிறகுதான் படித்தேன். உரிமையோடு கேட்கவேண்டியதைக் களவாடப் போயிருக்கிறேன். களவும் ஒழுங்காக வரவில்லை.

மறுபடி போனபோது பழைய டாக்டரே வெளியே வந்துவிட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கப்போகிறோம் என்று நினைத்தேன். “அந்தம்மாகிட்டப் போறீங்களா? நல்லாப் பாப்பாங்க. மெயில் ஐடி சொல்லுங்க” என்றார். நான் வண்டியைக் கிளப்புவதற்குள் படம் போய்ச் சேர்ந்திருந்தது.

டாக்டரம்மா இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிழல் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது.

“ரொம்ப நேர்த்தியாப் பண்ணியிருக்காருங்க சார். இவர எதுக்கு மாத்துனீங்க?”

வாய்க்குள் கண்ணாடியும் உறிஞ்சு குழாயும் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.