நாள் பார்த்துப் பூக்கும் செடிகள்

கேள்வி: எப்போது பூக்க வேண்டும் என்று செடிக்கு யார் சொல்கிறார்கள்?
(பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: பகலின் நீளம், குளிர், ஈரம் மூன்றும் சொல்கின்றன. எதன் பேச்சைக் கேட்பது என்பது செடியின் பரம்பரையிலேயே எழுதியிருக்கிறது. முந்திப் பூத்தால் செடி சிறியது, விதையும் குறைவு. பெருத்து வளர்ந்த பிறகு பூக்கலாம் என்று காத்திருந்தால் நிறைய விதை கிடைக்கும். அதற்குள் மண் காய்ந்துவிட்டால் ஒரு விதையும் மிஞ்சாது.

கேள்வி: எங்கள் ஊரில் பழைய சம்பா நெல்லை முன்னே பின்னே விதைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கதிர் பறிகிறதே?
(விவசாயி, மன்னார்குடி)

பதில்: அந்த ரகங்கள் தம் வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, இரவு நீள்வதைப் பார்க்கின்றன. உங்கள் பக்கம் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். பயிருக்கு அது போதும். மழை ஓர் ஆண்டு முந்தும், ஓர் ஆண்டு பிந்தும், பொழுது மாறுவதில்லை. குறுவை ரகங்கள் வேறு வகை. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 போல, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயதுக்கு வந்ததும் கதிர் விடுபவை.

கேள்வி: பருவமே மாறினால் செடியும் மாறுமா? அதற்கு ஆயிரம் ஆண்டு ஆகாதா?
(ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: ஏழு ஆண்டு போதும் என்று ஒரு கடுகுச் செடி காட்டிவிட்டது. தென் கலிபோர்னியாவில் களையாக மண்டும் இனம் அது. நம் தாளிப்புக் கடுகுக்கு நெருங்கிய உறவு. குளிர்கால மழையில் முளைத்து, கோடைக்குள் பூத்து, விதை உதிர்த்து மடியும். அங்கே 2000 முதல் 2004 வரை கடும் வறட்சி. வறட்சிக்கு முன், 1997-ல் சேகரித்த விதை கைவசம் இருந்தது. 2004-ல் அதே இடங்களில் மறுபடி சேகரித்தார்கள். ஆய்வாளர் ஸ்டீவன் ஃபிராங்ஸும் சகாக்களும் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்தார்கள். பழைய விதை, புது விதை என்ற வேறுபாடு முடிவைக் கெடுக்கக் கூடாதென்று, முதலில் ஒரு தலைமுறையை வளர்த்து, அதன் விதையைத்தான் சோதனைக்கு எடுத்தார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே வயதில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்! பேத்திகள் முந்திப் பூத்தன: ஓர் இடத்திலிருந்து வந்தவை 1.9 நாள், மற்றோர் இடத்திலிருந்து வந்தவை 8.6 நாள். இரண்டையும் கலந்து பிறந்தவை நடுவில் பூத்தன. மாற்றம் மரபணுவில்தான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2007-ல் வெளிவந்த இந்த ஆய்வை, விதையைச் சேர்த்துவைத்த கைகளுக்காகவே நான் கொண்டாடுகிறேன்.

கேள்வி: வறட்சி வருவது கடுகுக்குத் தெரிந்துவிட்டதா?
(வாசகர், சேலம்)

பதில்: இல்லை. முந்திப் பூக்கும் செடிகள் அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே இருந்தன. பிந்தியவை விதை விடுமுன் கருகின. முந்தியவை பிள்ளை பெற்றன.

கேள்வி: அப்படியென்றால் எல்லாச் செடியும் முந்திப் பூப்பவையாகவே ஆகிவிடலாமே?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: நல்ல மழை ஆண்டில் முந்தியவை தோற்கும்; பெரிதாக வளர்ந்து பிந்திப் பூத்தவை விதையைக் கொட்டும். ஆண்டுக்கு ஆண்டு வெற்றி கைமாறுவதால் இரண்டு வகையும் பிழைத்திருக்க இடமுண்டு. இங்கே சராசரி நம்மை ஏமாற்றும். தலைமுறைகளின் கணக்கு கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்பது ஆண்டு அமோக விளைச்சல், பத்தாம் ஆண்டு பூஜ்யம் என்றால் வம்சமே பூஜ்யம். ஆய்வாளர் டேன் கோஹன் 1966-ல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்: பாலைவனச் செடிகள் விதைகளில் ஒரு பங்கை முளைக்க விடாமல் மண்ணிலேயே வைத்திருப்பது அதற்காகத்தான்.

கேள்வி: குளிர் நாட்டில், இலையுதிர் காலத்தில் நாலு நாள் வெயிலடித்தால் செடி வசந்தம் என்று ஏமாறாதா?
(இல்லத்தரசி, கோவை)

பதில்: ஏமாறாதபடி ஒரு பூட்டு உண்டு. ஆய்வகங்களின் செல்லச் செடியான அராபிடாப்சிஸில் எஃப்.எல்.சி என்ற மரபணு பூப்பைத் தடுத்து வைக்கும். வாரக்கணக்கில் நீளும் குளிர்தான் அதை அடக்கும்.

கேள்வி: குறிஞ்சி மட்டும் ஏன் 12 ஆண்டு காக்கிறது?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: தனியாகப் பூத்தால் விதையைத் தின்பவை துடைத்துவிடும்; மலை முழுக்க ஒன்றாகப் பூத்தால் தின்று தீராது. பலரும் ஏற்கும் விளக்கம் இது. 2006, 2018 போயிற்று, 2030-க்குக் காத்திருங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துச் சம்பா விதை கொஞ்சம் இருக்கிறது. பத்திரப்படுத்தினால் போதுமா?
(இளம் விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: போதாது. குதிரில் கிடந்தால் ஓரிரு ஆண்டில் முளைப்புத் திறன் போய்விடும். சிறு பாத்தியிலாவது ஆண்டுதோறும் விதையுங்கள். நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட ரகங்களை உங்கள் பக்கத்திலிருந்துதான் மீட்டுக் கொடுத்தார். விதைக்கு எடுக்கும்போது முதலில் வந்த கதிரில் மட்டும் எடுக்காதீர்கள். நடுவில் வந்தது, கடைசியில் வந்தது எல்லாவற்றிலும் ஒரு பிடி எடுங்கள். ரகம் மாறி நிற்கும் கலவனை நீக்கலாம். அதே ரகத்தில் நாலு நாள் பிந்தியதைக் கலவன் என்று பிடுங்கிவிடாதீர்கள்.